நேரில் ஒரு வார்த்தை

மேடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது எனக்கு மூன்று முறை வந்து சேரும். முதலில் மெசேஜாக வரும். அதைத் திறப்பதற்குள் ஃபோன் அடிக்கும். "தம்பி, மெசேஜ் போட்டிருக்கேன், பாத்தீங்களா?" பார்க்கிறேன் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டு நிமிர்ந்தால், மேடமே என் மேசைக்கு முன்னால் நிற்பார். "இல்ல, ஃபோன்ல சரியா கேட்டுச்சோ இல்லையோன்னு வந்தேன்" என்று இழுப்பார். அவர் அறைக்கும் என் மேசைக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு கண்ணாடிக் கதவு.

இப்படிப்பட்டவரைத்தான் எங்கள் ஆலையில் செயலி கொண்டுவரும் வேலைக்குத் தலைவராகப் போட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவருக்குக் கீழே அந்தச் செயலியை ஓட்ட வேண்டிய ஆள் நான்.

எங்கள் ஆலை தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. கார்களுக்கு வயரிங் ஹார்னஸ் செய்கிறோம். விளக்கு எரிய, ஹாரன் அடிக்க, கண்ணாடி ஏறி இறங்க ஒரு காருக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் கட்டாகக் கட்டி, முனைகளில் கிளிப் மாட்டி, டேப் சுற்றிக் கொடுப்பதுதான் வேலை. எந்தக் கிழமை எதைச் செய்வது, எவ்வளவு செய்வது என்று முடிவு செய்கிற பிளானிங் பிரிவுக்கு மேடம் பொறுப்பு. நான் கம்ப்யூட்டர் பிரிவு. என் மனைவி செல்வி கதவு லைனில் இருக்கிறாள். கார்க் கதவுக்குள் போகிற வயர்களைக் கட்டுகிற வரிசை அது. நாற்பது பெண்கள். மொரப்பூர், பொம்மிடி என்று நாலா பக்கத்திலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்.

அந்த வருடம் ஒரு கார் கம்பெனி புது மாடல் கொண்டுவந்தது. கதவு வயரை எங்களிடமே கொடுப்பதாகச் சொன்னது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. வரைபடத்தில் அவர்கள் ஒரு சின்ன மாற்றம் செய்தால்கூட அது லைனில் நிற்கிற கடைசி ஆள் வரை உடனே போய்ச் சேர வேண்டும், போய்ச் சேர்ந்ததைத் திரையில் காட்ட வேண்டும். எங்கள் முதலாளிகளுக்கு ஓசூரிலும் ஒரு ஆலை உண்டு. "இங்க முடியலன்னா கதவு லைனையே தூக்கி ஓசூர்ல வெச்சுருவோம்" என்று சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் பெண்களும் ஓசூருக்கு வரலாமாம். பெரிய மனசு!

"ஓசூருக்கு பஸ்ல போயிட்டு வந்தா நம்ம பையன் மூஞ்சிய நான் ஞாயித்துக்கெழமைதான் பாக்கணும்" என்றாள் செல்வி. "வேலைய வுட்டா வூட்டு லோன யாரு கட்டறது? ஏங்க, உங்க ஆப்பு வேலை செய்யுமா செய்யாதா?"

செய்யும் என்றேன். மேடம் நினைவுக்கு வந்ததும், செய்யும் என்று இன்னொரு முறை அழுத்திச் சொன்னேன்.

செயலி ஒன்றும் பிரமாதமான விஷயமில்லை. யாருக்கு என்ன வேலை, அது எதுவரை வந்திருக்கிறது என்று எல்லாருடைய ஃபோனிலும் ஷெட்டின் பெரிய திரையிலும் ஒரே நேரத்தில் காட்டும். வேலை ஒரு கட்டமாக வரும். பார்க்காதவரை சிவப்பு. உரியவர் "பார்த்தேன்" என்று தொட்டால் பச்சை. ஒரு மனிதர் ஷெட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்துபோய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகவே கண்டுபிடித்த பொருள். மேடமோ அந்த நடையை மட்டும் விடமாட்டேன் என்கிற பிறவி.

கைத்தறிச் சேலை, அதன்மேல் கம்பெனிக் கோட்டு, கீழே கனத்த சேஃப்டி ஷூ. இந்தக் கோலத்தில் அவர் தட் தட் என்று நடந்து வருவது எட்டு மெஷின் ஓடினாலும் கேட்கும். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்று கிளம்புவார். ஒரு வார்த்தையாம்! மேடத்தின் ஒரு வார்த்தைக்குள் சாப்பிட்டாயிற்றா, மாமியாருக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, கன்று ஈன்ற மாடு பால் கறக்கிறதா, இத்தனையும் அடங்கும். கடைசியில்தான் விஷயம் வரும். சில சமயம் அது வராமலே திரும்பிவந்து, "அய்யய்யோ, சொல்ல வந்தத சொல்லலியே" என்று மறுபடி போவார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு அழைத்த கதையை இன்றைக்கும் கேன்டீனில் சொல்லிச் சிரிப்போம். மாதா கோயிலில் கல்யாணம். மேடமும் அவர் கணவரும் ஸ்கூட்டரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடு வீடாகக் கிளம்பினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நாங்கள் ஒகேனக்கல்லில் பரிசலில் சுற்றிவிட்டு மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தோம். மறு ஞாயிறு மறுபடி வந்தார்கள். அன்றைக்கும் நாங்கள் இல்லை. மூன்றாவது முறை வந்தபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பத்திரிகைய ஜன்னல்ல சொருகிட்டுப் போயிருக்கலாமே மேடம்?"

"ஏனுங்க தம்பி, இது என்ன கரண்டு பில்லா?"

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கெட்ட செய்தி சொல்வதாக இருந்தால் கைப்பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து நீட்டுவார். நாம் அதை வாயில் போட்ட பிறகுதான் சொல்வார். இன்க்ரிமென்ட் இல்லை என்பது, ஞாயிறு டியூட்டி என்பது, கேட்ட லீவு கிடைக்காது என்பது, எல்லாம் எனக்குக் கடலைமிட்டாய் ருசியோடுதான் தெரியவந்தன. மேடம் பைக்குள் கைவிட்டாலே ஆபீசில் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

செயலி வந்த முதல் வாரமே எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஷெட்டில் ஒரு காற்றுக்குழாய் கசிந்தது. மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருவர் பெயரில் கட்டம் போட்டேன். உடனே பச்சை. ஆகா என்று இருந்தேன். நாலு நாள் ஆயிற்று, குழாய் உஸ்ஸென்று கசிந்துகொண்டே இருக்கிறது. நேரே போய்க் கேட்டேன்.

"பாத்தேனுங்க. பாத்தேன்னு அமுக்கியும் வுட்டேன்."

"அப்பறம் ஏன் செய்யல?"

"ஃபோனு சொல்லுச்சு. மனுசன் யாரும் வந்து கூப்புடலீங்களே."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மேடம் தட் தட் என்று போனார், சாப்பிட்டீர்களா அண்ணா என்றார், குழாய் அன்று மதியமே சரியானது. இது அவர் பெருமைக்காகச் சொல்வதல்ல. இந்த ஊர்க்காரர்களை இப்படிக் கெடுத்து வைத்ததே மேடம்தான் என்று அப்போது நான் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நடையால் ஒரு தடவை நன்றாகவே அடியும் வாங்கினோம். டேப் மாறுகிறது என்று மேடம் காலை ஷிஃப்டில் எல்லாரிடமும் போய்ச் சொல்லிவிட்டு, திருப்தியாக வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அடுத்த ஷிஃப்டுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்கள் பழைய டேப்பையே சுற்றித் தள்ளிவிட்டார்கள். அத்தனையையும் பிரித்து மறுபடி கட்டினோம். மேடம் தானும் உட்கார்ந்து நகம் பிய்யப் பிய்யப் பிரித்தார். பிரித்தபடியே என்னிடம் சொன்னார்:

"என் காலு ரெண்டு ஷிஃப்டுக்கு எட்டாதுங்க தம்பி. உங்க ஆப்பு வேணும். எப்பிடின்னு சொல்லிக்குடுங்க, மொதல்ல இருந்து."

அதற்குப் பிறகு அவரைவிட அந்தச் செயலியை ஒழுங்காகப் பயன்படுத்தியவர் ஆலையில் இல்லை. கட்டம் போடுவார், நிறம் பார்ப்பார், அடுத்த ஷிஃப்டுக்குக் குறிப்பு வைப்பார். எல்லாம் முடித்துவிட்டு ஷூவை இறுக்கிக்கொண்டு எழுந்திருப்பார். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்." நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கார் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வந்த நாளும் வந்தது. பெங்களூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் பெரிய அதிகாரி. கன்னட வாடையோடு தமிழ் பேசினார்; 'அல்லவா' என்பது அவர் வாயில் 'அல்வா' ஆகிவிடும். கூட இரண்டு பேர். திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு, இளநீர் கொடுத்து உட்கார வைத்தோம். அதிகாரி தன் ஃபோனிலிருந்து ஒரு மாற்றத்தை அனுப்பினார். இடது கதவு வயரில் வெள்ளைக் கிளிப் வேண்டாம், இனிமேல் சாம்பல் நிறக் கிளிப். திரையில் நாற்பது கட்டங்களும் சிவப்பாக வந்து நின்றன. அவர் இளநீரை உறிஞ்சி முடிப்பதற்குள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. மளமளவென்று நாற்பதும் பச்சை!

எங்கள் ஆலை மேனேஜர் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். எனக்குக் கால் தரையில் இல்லை. மேடம் மட்டும் ஷூ நாடாவைக் குனிந்து கட்டினார்.

"மேடம், வேண்டாம்" என்று கிசுகிசுத்தேன். "எல்லாரும் பாத்தாச்சு. பச்சையப் பாருங்க."

"பாத்துட்டாங்க, சரி. நான் இன்னும் சொல்லலியே" என்று போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. கையில் அப்போதுதான் கட்டி முடித்த ஒரு கதவு வயர். அதில் வெள்ளைக் கிளிப். நேராக அதிகாரியிடம் போனார். கைப்பைக்குள் கைவிட்டார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன மேடம், இவ்ளோ சீக்கிரம் ஸ்வீட்டா?" என்று அதிகாரி சிரித்தபடி கடலைமிட்டாயை வாங்கி வாயில் போட்டார்.

"சார், அந்தப் பச்சை நெசம் இல்லீங்க. லைன்ல ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது. வெள்ளக் கிளிப்புதான் இன்னும் போயிட்டு இருக்குது."

"நெட்வொர்க் பிராப்ளமா இருக்கும் மேடம்" என்று மேனேஜர் குறுக்கே விழுந்தார்.

"நெட்வொர்க் நல்லாத்தான் இருக்குதுங்க சார்."

அந்த நிமிடம் எனக்கு மேடம் மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. டீ இடைவேளைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அவர் போய் சாம்பல் கிளிப்பை மாட்டச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்து நின்றிருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. என் கண் முன்னால் செல்வி ஓசூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

நடந்தது இதுதான். லைனுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஆலையின் பழைய சட்டம். லைனில் நிற்கிறவர்கள் எல்லாருடைய ஃபோனும் கேட்டில், செக்யூரிட்டி அக்காவின் மரப்பெட்டியில் இருக்கும். டீ இடைவேளையில் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் நான் போட்ட திட்டம்; பச்சையைப் பார்த்த குஷியில் அது எனக்கே மறந்துபோயிற்று. வீட்டிலிருந்து அவசரமாக யாராவது கூப்பிட்டால் எடுத்துப் பேச வேண்டும் என்பதால் நாற்பது பேரும் தங்கள் ஃபோனைத் திறக்கும் விதத்தை அக்காவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"நாந்தானுங்க அமுக்குனேன். பெரிய ஆளுங்க வந்திருக்காங்க, புள்ளைங்க எல்லாம் உள்ள இருக்குதுங்க, பொட்டிக்குள்ள எல்லா ஃபோனும் டிங்கு டிங்குங்குது. கல்யாணத்துக்கு ஊரே போக முடியுங்களா? ஒருத்தர் போயி பத்து வூட்டு மொய்யையும் எழுதிட்டு வர்றதில்லையா? அந்த மாதிரி எல்லாருக்கும் சேத்து நானே வெச்சுட்டேன்."

அதிகாரி மிட்டாயை மெல்வதை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. அல்வா?"

"தெரியாதுங்க சார். அடுத்த தடவை இதே மாதிரி பச்சையக் காட்டி, கிளிப்பு மாறாத வயரு உங்க காருல போயிருக்கும். யாரோ ஒருத்தரு கண்ணாடிய ஏத்த முடியாம கொழந்த குட்டியோட மழையில நனைவாங்க. அவங்ககிட்ட நேர்ல போயி நான் என்னன்னு சொல்றது?"

அதிகாரி கையை நீட்டி அந்த வயரை வாங்கிப் பார்த்தார். மேடமே மேலே பேசினார். லைனுக்குள் ஒரு டேப்லெட் கொண்டுபோகிறேன், ஒவ்வொருவருக்கும் சொல்லி, கிளிப்பைக் கையில் கொடுத்துக் காட்டி, அவர்கள் விரலாலேயே தொட வைக்கிறேன், இன்னொரு மாற்றம் அனுப்பிப் பாருங்கள் என்றார். அனுப்பினார்கள். மேடம் டேப்லெட்டை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு கிளம்பினார். பச்சை மெதுவாக வந்தது. நடுவில் ஒரு கட்டம் ரொம்ப நேரம் சிவப்பாகவே நின்றது. எனக்குத் தெரியும், அங்கே மாமியாரின் முட்டிவலி ஓடிக்கொண்டிருந்தது. கார் கம்பெனி குறித்துக் கொடுத்த நேரத்தைத் தாண்டித்தான் கடைசிக் கட்டம் பச்சையானது.

"மேல பேசிட்டுச் சொல்றோம்" என்று அதிகாரி காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. மேனேஜர் மேடத்தைக் கண்டால் வேறு வழியாகப் போனார். லைனில் பெண்கள் முணுமுணுத்தார்கள். ஓசூரில் வாடகை என்ன என்று விசாரிக்கக்கூட ஆரம்பித்தார்கள். மேடம் அதற்கும் நேரிலேயே போனார். ஒவ்வொருத்தியிடமும் நின்று சொன்னார்: "லைன் போச்சுன்னா அதுக்கு நாந்தான் காரணம். திட்டணும்னா முதுகுக்குப் பின்னாடி வேணாம், நேர்லயே திட்டிருங்க." சிலர் திட்டினார்கள். கேட்டுக்கொண்டார். பலர் பரவாயில்லை மேடம் என்றார்கள். செல்வி மட்டும் ஒன்றும் சொல்லாமல் டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தாளாம். வீட்டில் என்னிடம் கொட்டினாள். "நல்லவங்கதான், இல்லங்கல. நல்லவங்களா இருக்கறதுக்கு எங்க பொழப்புதான் கெடச்சுச்சா?" அதன்பிறகு மேடம் எதிரே வந்தால் என் மனைவி வாய் திறப்பதில்லை. மேடமும் தினம் அவள் இடத்துக்குப் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வருவார்.

தகவல் ஒரு முற்பகலில் வந்தது, செயலியில்தான். என் திரையில் படித்தேன். கதவு லைன் தருமபுரியிலேயே இருக்கும். புது மாடல் வயரும் இங்கேதான். மாற்றங்களைச் சொல்லும் முறை மேடம் செய்துகாட்டியபடியே டேப்லெட்டோடு நடக்க வேண்டும், நேரத்தை மட்டும் குறைக்க வேண்டும். நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். ஃபோன் அடித்தது. எடுப்பதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது.

"தம்பி, பெரிய ஸ்க்ரீன்ல போட்டுறாதீங்க. மைக்குலயும் சொல்லக் கூடாது. நான் போறேன்."

"மேடம், இதையாவது..."

போயே போய்விட்டார். நானும் பின்னால் ஓடினேன். லைனின் முதல் பெண் அவர் சொன்னதைக் கேட்டு ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், அடேயப்பா, நெடுஞ்சாலையில் போன லாரிக்கே கேட்டிருக்கும். "லைனு இங்கயேதான்டி!" அவ்வளவுதான், நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள், டேப் உருளைகளைத் தூக்கி எறிந்து பிடித்தார்கள்.

மேடம் நிற்கவில்லை. இரண்டாவது பெண்ணிடம் போய், "கண்ணு, லைன் எங்கயும் போகல" என்றார். பிறகு மூன்றாவது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். கூச்சல் அடங்கிவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் இடத்துக்குத் திரும்பிப்போய், முகத்தைத் துடைத்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தன் முறைக்காகக் காத்து நின்றாள். மேடம் வந்து சொன்னதும், "நெசமாவா மேடம்?" என்று புதிதாகக் கேட்பவள்போல வாயைப் பிளந்தாள். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல.

செல்வியின் இடம் வரிசையின் கடைசி. பக்கத்துப் பெண் அவள் காதிலேயே கத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் என் மனைவி குனிந்த தலை நிமிராமல் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் சேர்ந்து வயர்மேல் சொட்டியது. மேடம் வந்து நின்றார். நடந்த களைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"செல்வி, உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்மா."

"சொல்லுங்க மேடம்" என்றாள் செல்வி, இத்தனை வாரத்துக்குப் பிறகு.

"லைன் இங்கயேதான் இருக்குது."

செல்வி தலையை நிமிர்த்தினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"அப்பிடிங்களா மேடம்?" என்றாள். "எனக்குத் தெரியவே தெரியாதுங்களே."